மூன்று குல்ஹுவல்லா நேரம்

தேயிலைத் தகரத்தை எடுக்கத்தான் நஜ்லா அடுப்புக்கு மேலே இருந்த பலகைத் தட்டில் கையை விட்டாள். அகப்பட்டது வேறொரு தகரம். பழைய பிஸ்கட் தகரம். தூக்கியபோது உள்ளே எதுவோ கனமாக உருண்டது.

மூடியை நெம்பித் திறந்தாள். கிழிந்த சாரன் துண்டுக்குள் நாலு தோட்டாக்கள் கிடந்தன. பெருவிரல் தடிப்பு, சிவப்பு உடம்பு, பித்தளை அடி. ஒவ்வொரு அடியின் நடுவிலும் துவக்கின் ஊசி குத்திய பள்ளம் இருந்தது. இரண்டில் ஒவ்வொரு பள்ளம். மற்ற இரண்டில் இரண்டிரண்டு.

அடித்தும் வெடிக்காத தோட்டாக்கள்.

கீழே தென்னம்பாளை எரிந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. அந்தத் தட்டில் அவள் உப்பு வைப்பாள், கருவாடு வைப்பாள், விதை மிளகாய் வைப்பாள். ஈரம் படக்கூடாத எல்லாவற்றுக்கும் அந்த வீட்டில் அதுதான் இடம். கணவன் முனாபும் அப்படித்தான் நினைத்திருக்கிறான்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வயலிலிருந்து வந்தபோது அவன் குசினிக்குள் நின்று எதையோ உருட்டியது நினைவுக்கு வந்தது. "என்ன தேடுறீங்க?" என்று கேட்டாள். "ஒண்டுமில்ல" என்றான். பதினேழு வருசமாக, எதைக் கேட்டாலும் அவனிடமிருந்து முதலில் வரும் பதில் அதுதான்.

வெள்ளியிலிருந்து வியாழன். ஆறு நாள். ஒரு நாளைக்கு மூன்று தரம் இந்தத் தகரத்துக்குக் கீழே அவள் நெருப்பு மூட்டியிருக்கிறாள். மழைக்குளிருக்கு மகள் ஆகிலா அடுப்படியில் புத்தகத்தோடு குந்தியிருந்திருக்கிறாள்.

நஜ்லாவுக்குப் பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது கோபம். தகரத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினாள். பல்லைக் கடித்திருந்தாள்.

நேற்று பொழுது சாயும் நேரம் அவள் தறியில் இருந்தபோதுதான் தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் சாலிஹ் போடியார். சம்மாந்துறையில் அரிசி ஆலை வைத்திருப்பவர், இறக்காமத்து வட்டையில் பன்னிரண்டு ஏக்கர் வயலுக்குச் சொந்தக்காரர். அந்த வயலுக்குத்தான் முனாப் காவல். "மகள், பதறாத. யானை வெடி ஒண்டு முனாபுட கையில வெடிச்சிட்டு. நானே வேனில ஏத்திக்கிட்டு வாறன்" என்றார். யானை வயலுக்குள் இறங்கினால் கொளுத்தி எறிவதற்கென்று அரசாங்கம் கொடுக்கும் பெரிய வெடி அது. காகிதமும் மருந்தும். திரி சரியில்லாமல் கையில் வெடித்து விரல் போனவர்களை இறக்காமத்தில் எல்லோருக்கும் தெரியும். அவளும் நம்பினாள்.

ஆஸ்பத்திரியில் முனாபின் வலக்கை மணிக்கட்டு வரை துணியாக இருந்தது. வலக்கண்ணிலும் துணி. "என்ன வெடிச்ச?" என்று டொக்டர் கேட்டார். போடியார்தான் பதில் சொன்னார். முனாப் தலையை ஆட்டினான். ஆஸ்பத்திரிப் பொலிஸ்காரர் வந்து எழுதியபோதும் அதே பதில், அதே தலையாட்டல்.

தகரத்தை மணலில் வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மருதமுனையில் மணலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எங்கே வைத்தாலும் அது தன் வீட்டுக்குள் இருப்பதுபோலவே இருந்தது.

தம்பி ஷிப்லி ஓட்டோவைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். அவன்தான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்.

"என்னகா ராத்தா, முற்றத்தில நிண்டு என்னத்தக் காவல் காக்கிறாய்?"

"வந்து பாரு."

எட்டிப் பார்த்தவன் இரண்டடி பின்னால் போனான். "யா அல்லாஹ். மச்சான் வீட்டுக்குள்ள துவக்குக் கடை வெச்சிரிக்காரா?"

"பகிடி விடாத. இத என்ன செய்யிற?"

"குடு, கடல்ல வீசிட்டு வாறன்."

"ஆரிட வலைலயாவது வரும். கரைவலை இழுக்கிற பொடியனுட கை போகும்."

"அப்ப கக்கூசுக் குழிக்குள்ள போடு."

"உன்ட வாய்க்குள்ள போடு. ரெண்டும் ஒண்டுதான்."

அவள் பகிடிக்குச் சொல்லவில்லை என்பதை ஷிப்லி அவள் முகத்தில் கண்டான்.

அப்போது ஒழுங்கைக்குள் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. கதிர்காமன் வந்து இறங்கினார். தம்பிலுவில் ஆள். இறக்காமத்து வட்டையில் அடுத்த வயலின் காவல்காரர். முனாபும் அவரும் எட்டு வருசமாக ஒரே வரம்பின் இரண்டு பக்கத்திலும் காவலிருக்கிறார்கள். முனாப் காட்டுப்பன்றியைச் சுடுவான், தொடமாட்டான். சுட்டதைக் கயிறு போட்டு இழுத்துப் போவது கதிர்காமனின் வேலை. வட்டைக்குள் அது எப்போதிருந்தோ அப்படித்தான். பெருநாளைக்கு இந்த வீட்டிலிருந்து அவருக்கு வட்டிலப்பம் போகும். பொங்கலுக்கு அங்கிருந்து கரும்பு வரும்.

கையில் ஒரு பை இருந்தது. "முனாபுட சாமான், தங்கச்சி. காவல் வாடிக்குள்ள கிடந்திச்சு" என்று நீட்டியவர், மணலிலிருந்த தகரத்தைக் கண்டார். நீட்டிய கை அப்படியே நின்றது.

"இது எங்கால?"

"அடுப்புக்கு மேல இருந்திச்சு."

"அடுப்புக்கு மேலயா?" அவர் கண்ணை மூடித் திறந்தார். "ஷிப்லி, அந்தத் தகரத்துக்குக் கிட்ட நிக்காத. வெயில்ல கிடக்கு. தங்கச்சி, ஒரு வாளி கொணாங்க, மண்வெட்டியும்."

வாளியில் பாதிக்கு மணல் போட்டார். தோட்டாக்களை ஒவ்வொன்றாக, அடியைத் தன் பக்கம் திருப்பாமல், விரல் நுனியால் எடுத்து ஒன்றோடு ஒன்று முட்டாமல் மணலுக்குள் புதைத்தார். வாளியை மதிலோரம் முருங்கை நிழலுக்குக் கொண்டுபோய் வைத்து, மேலே ஒரு பலகையைப் போட்டார்.

"இது செத்த தோட்டா எண்டு நினைக்கக்கூடா. ஊசி குத்தின கேப்பு, அது எப்ப பத்தும் எண்டு ஆருக்கும் தெரியா. நெருப்பும் வேணா, வெயிலும் வேணா, தட்டவும் வேணா, பிரிக்கவும் வேணா. பொலிசுதான் வந்து எடுக்கணும்."

"அப்ப இவருக்கு இது தெரியாதா?" என்று நஜ்லா கேட்டாள்.

"தெரியும்."

"தெரிஞ்சுதான் என்ட அடுப்புக்கு மேல வெச்சாரா?"

கதிர்காமன் கையில் ஒட்டிய மணலைத் தட்டினார். அவள் உள்ளே போய்க் கஞ்சியை இறக்கிவிட்டு, மூன்று கோப்பை பிளேன்டீயோடு வந்தாள். தறிக்கொட்டிலின் வாசலில் மூவரும் இருந்தார்கள். தறியில் பாதி நெய்த சாரன் நேற்று விட்ட இடத்திலேயே நின்றது. அவர் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார். அவள் குடிக்கவில்லை.

"கதிர்காமண்ணன், எனக்கு ஒண்டு சொல்லுங்க. நேத்து இவருட கையில வெடிச்சது யானை வெடியா?"

தூரத்தில் வேறு வீட்டுத் தறி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அது நூல் அறுந்து நின்றது. மறுபடி ஓடத் தொடங்கியபிறகுதான் அவர் வாய் திறந்தார்.

"இல்ல."

ஷிப்லி ஏதோ சொல்லப் போனான். நஜ்லா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"மார்கழி வெள்ளத்தில போடியாருட ஆலைக்குள்ள தண்ணி ஏறின தெரியும்தானே. தோட்டா வெச்ச அலுமாரிக்குள்ளயும் ஏறிட்டு. ரெண்டு பெட்டி. வேற ஆளெண்டா எறிஞ்சிருப்பான். இவரு என்ன செஞ்சாரு? ஆலைட சீமெந்துக் களத்தில புழுங்கல் நெல்லு காயப் போட்டிரிக்கே, அதுக்குப் பக்கத்தில ஒரு சாக்க விரிச்சு தோட்டாவையும் காயப் போட்டாரு. ரெண்டு நாள் வெயில். கூட்டுமாறால புரட்டி வேற விட்டாராம்."

"மெய்யாவா?" என்றான் ஷிப்லி.

"நெல்லெண்டா காய்ஞ்சிட்டா எண்டு ஒண்டக் கடிச்சுப் பாப்பாரு. தோட்டாவ ஆரு கடிக்கிற? வெளியால காய்ஞ்சு மினுங்கும். உள்ள மருந்துக்குள்ள ஈரம் கிடக்கும். பத்து அடிச்சா நாலு வெடிக்காது. முனாப் போய்ச் சொன்னான். நான் பக்கத்தில நிண்டன். 'போடியார், இதுகள் சரியில்ல, வேற வாங்கித் தாங்க' எண்டான். என்ன சொன்னாரு தெரியுமா? 'நீ கோதைக் கொண்டு வா, நான் தோட்டா தாறன்.' வெடிச்ச தோட்டாட வெறுங்கோதக் குடுத்தாத்தான் புதுசு குடுப்பாரு. அது அவருட சட்டம். வெடிக்காததுக்குக் கோது இல்லியே. அப்ப இவன் தோட்டாவ மான் இறைச்சிக்காரனுக்கு வித்துப்போட்டு வெடிக்கல்ல எண்டு சொல்லுறான் எண்டு ஒரு கதை. சிரிச்சிக்கிட்டுத்தான் சொன்னாரு. முனாபுட முகத்த நான் பாத்தன். அதுக்குப் பொறகு அவன் கேக்கல்ல. வெடிக்காதத வாடிக் கூரைத் தகரத்தில காயவெச்சு, மறுகாவும் போட்டு அடிப்பான். ரெண்டாந்தரம், மூணாந்தரம். எப்பிடியும் ஒருநாள் கோதாக்கணும் அவனுக்கு."

களவு என்ற சொல்லை முனாப் தாங்கமாட்டான். அது அவளுக்குத் தெரியும். வயலில் கிடந்த ஒரு கதிரை வாயில் போட்டுச் சப்பினாலும் போடியாரிடம் சொல்லிவிடுகிறவன். அந்த நேர்மையின் மேலும் இப்போது அவளுக்குக் கோபம் வந்தது.

"பண்டி வந்து நிக்கும். அடிப்பான். டிக் எண்டு கேக்கும், வெடி கேக்காது. அப்ப அசையக்கூடா. துவக்குட வாயை வரம்பு மண்ணுக்குக் காட்டிக்கிட்டு அப்பிடியே நிக்கணும். சில தோட்டா சுணங்கி வெடிக்கும். நாங்க நூறு எண்ணுவம். இவன் குர்ஆன்ல வாற குல்ஹுவல்லாவ மூணு தரம் ஓதுவான். அறுத்து அறுத்து ஓதுவான். நான் பகிடி பண்ணுவன், 'என்ன முனாப், பண்டிக்குப் பாத்திஹா ஓதுறயா' எண்டு. அவன் சிரிக்க மாட்டான். மூணும் முடிஞ்சாப் பொறகுதான் துவக்க மடிச்சுத் திறப்பான். முகத்தைத் திருப்பிக்கிட்டுத்தான் திறப்பான். எட்டு வருசத்தில ஒரு நாள் பிசகினதில்ல."

"நேத்து பிசகிட்டாரா?"

"அவன் பிசகல்ல."

கதிர்காமன் வெறுங்கோப்பையை மணலில் வைத்தார்.

"நேத்து பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பொறகு போடியார் வயலுக்கு வந்தாரு. கதிர் முத்தின நேரம், அறுவடைக்கு மெசின் இறக்க நாள் பாக்க. நான் என்ட வரம்பில நிண்டன். பன்புல்லுக்குள்ளால பண்டி வந்திச்சு. பெரிய தாய்ப்பண்டி, பின்னால ஏழெட்டுக் குட்டி. போடியாருட கண்ணுக்கு முன்னால கதிர உழக்குது. 'அடி, அடி' எண்டாரு. முனாப் அடிச்சான். டிக். வெடிக்கல்ல. முனாப் துவக்க வரம்புக்குத் திருப்பிக்கிட்டு நிண்டான். வாய் அசைஞ்சிச்சு. நான் கண்டன், வாய் அசைஞ்சிச்சு. போடியார் பின்னால நிண்டு சத்தம் போட்டாரு. 'என்னடா மந்திரமா ஓதுறாய்? திற! மத்தத போடு! பண்டி போகுது, திறடா!' முனாப் தலைய ஆட்டினான். போடியார் கிட்ட வந்து அவனுட தோளைப் பிடிச்சு உலுப்பினாரு."

அவர் தன் தோளைத் தொட்டுக் காட்டினார்.

"திறந்தான். துவக்கு பாதி மடியக்குள்ள வெடிச்சிட்டு. முன்னுக்குப் போக வேண்டியது பின்னுக்கு வந்திட்டு."

நஜ்லா எழுந்து நின்றாள். எங்கே போவதற்காக எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. தறியின் மரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நேத்து ராத்திரியே நீங்க ஏன் சொல்லல்ல?"

"சொல்லியிருக்கணும்."

"ஏன் சொல்லல்ல எண்டு கேக்கன்."

"பொலிசு வந்தா என்னையும் கேக்கும், தங்கச்சி. பண்டி இறைச்சி எங்க போகுது எண்டு கேக்கும். எனக்கும் வீட்டில ரெண்டு பொம்பிளப் புள்ள. நான் வந்து பொலிசில வாய் திறக்க ஏலா. கும்பிட்டுக் கேக்கன், அத மட்டும் கேக்க வேணா."

"ஆம்பிளையள்." அவள் துப்புவதுபோலச் சொன்னாள். "ஒருத்தன் கத்துவான், ஒருத்தன் தலையாட்டுவான், ஒருத்தன் வரம்பில நிண்டு பாப்பான்."

கதிர்காமன் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே தோட்டாவின் பித்தளை அடி மட்டும் இருந்தது. கருகி, ஒரு பக்கம் பூ விரிந்ததுபோலக் கிழிந்து. நடுவில் மூன்று பள்ளம். விளிம்பில் நகத்துண்டு அளவுக்கு ஒரு இடம் இல்லை.

"விடியக்குள்ள போய்ச் சேத்துக்குள்ள தேடினன். இது கிடைச்சிச்சு. இந்த விளிம்புத் துண்டையும் தேடினன். சல்லடை போட்டு அரிச்சன், இல்ல." அவர் தன் வலக்கண்ணுக்குக் கீழே விரலை வைத்தார்.

நஜ்லா பொட்டலத்தை வாங்கி மடித்து, முந்தானை நுனியில் முடிந்துகொண்டாள்.

ஓட்டோவில் போகும்போது ஷிப்லி பின்கண்ணாடியில் அவளைப் பார்த்துப் பார்த்து ஓட்டினான். "ராத்தா, பாத்துக் கதை. துவக்கு லைசன் போடியாருட பேருல. மச்சான் துவக்குத் தொட்டது பிழை. பிடிச்சா மச்சானையும்தான் பிடிப்பாங்க." அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் எரிச்சலாக இருந்தது.

வாட்டில் முனாப் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். அவள் கஞ்சியை ஆற்றி, கரண்டியால் ஊட்டினாள். இடக்கையால் தானே குடிக்கப் பார்த்தான், அவள் விடவில்லை. தேங்காய்ப்பால் கஞ்சி, ஓரத்தில் கொஞ்சம் கீரிமீன் சம்பல். பாதி குடித்தபின் கேட்டாள்.

"டொக்டர் என்ன சொன்னா?"

"கண்ணில வெடிமருந்துக் கரியாம். கழுவி மருந்து விட்டிரிக்காங்க. வீக்கம் வத்தினாப் பொறகு பாக்கலாமாம். திங்கக்கிழமை கண் டொக்டர் வருவாராம்."

"படம் எடுத்தாங்களா?"

"கைக்கு எடுத்தாங்க."

"கண்ணுக்கு?"

"யானை வெடிதானே. அதில கடதாசிதான் இரிக்கி."

"யானை வெடியா?"

"ஓம்."

"எத்தின குல்ஹுவல்லா ஓதினீங்க?"

முனாபின் மூடாத கண் கூரையைப் பார்த்தது. அந்தக் கண்ணிலிருந்து தண்ணீர் காதுப்பக்கம் வழிந்தது. அழுகையா, மற்றக் கண்ணின் வலியா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"கதிர்காமன் வந்தானா?" என்றான்.

"வந்தாரு. தகரத்தையும் கண்டன். அதுக்கு உங்களோட வேற கணக்கு இரிக்கி, வீட்ட வந்து பேசுறன். இப்ப இதுக்குச் சொல்லுங்க. உள்ள பித்தளை கிடக்குது எண்டு தெரிஞ்சும் கடதாசி எண்டு படுத்திரிக்கீங்களா?"

"சத்தம் போடாத."

"போடுவன்."

"பொலிசு என்னத்தான் பிடிக்கும் நஜ்லா. போடியார் சொன்னாரு, கோடு கச்சேரி எண்டு அலையணும். மறுகா எனக்கு ஆரு காவல் தருவான்?" பிறகு மெதுவாக, அவளைச் சமாதானப்படுத்துகிறவன்போலச் சொன்னான். "ஒரு கண் இரிக்கேகா."

அவள் கரண்டியைக் கோப்பைக்குள் வைத்தாள். கோப்பையைக் கட்டிலுக்குப் பக்கத்துச் சிறிய அலுமாரியில் வைத்தாள். எதையும் எறியாமல் இருப்பதற்காக ஒவ்வொன்றையும் மெதுவாகச் செய்தாள். ஒரு கண் இருக்கிறது. இந்த மனிதன் தன் உடம்பிலிருந்து ஒன்றை எடுத்துப் போடியாருக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைக் காட்டி அவளைச் சந்தோசப்படச் சொல்கிறான்.

வாட்டு வாசலில் வெள்ளைச் சட்டை தெரிந்தது. சாலிஹ் போடியார், ஒரு பை நிறையத் தோடம்பழமும் முந்திரிகையும். பக்கத்துக் கட்டிலில் கிடந்த கிழவர்கூட எழுந்து ஸலாம் சொன்னார். போடியார் எல்லோருக்கும் பதில் ஸலாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

"என்ன முனாப், முகம் தெளிவா இரிக்கே. மகள், நீ சாப்பிட்டயா? முகமெல்லாம் வாடிக் கிடக்கு. அல்லாஹ்ட கத்ரு, அவன் எழுதின விதி, என்ன செய்யிற. உயிர் தப்பினதே பெரிய விசயம்." கட்டிலின் ஓரத்தில் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "பொலிசு இன்னொருக்கா வரும் முனாப். கேட்டா அதேதான். மாத்திக் கதைச்சாத்தான் சிக்கல். நான் பாத்துக்குவன்."

"ஓம் போடியார்" என்றான் முனாப்.

நஜ்லா போடியாரின் கையைப் பார்த்தாள். தோடம்பழப் பையைப் பிடித்திருந்த கை. சுத்தமான, மோதிரம் போட்ட, ஐந்து விரலும் உள்ள கை. அந்தக் கைதான் தோளைப் பிடித்து உலுக்கியது.

அப்போது டொக்டர் வந்தார். இளம் பொம்பிளை, தூக்கமில்லாத கண்கள். கூட ஒரு மிஸ்ஸி, வாட்டுத் தாதி. முனாபின் கைத்துணியை அவிழ்த்துப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"ஐயா, நேற்று நான் கேட்டதை இன்னொரு தரம் கேட்கிறேன். இந்தக் காயம் எனக்குப் பொருந்தவில்லை. இது யானை வெடிதானா? உலோகத் துண்டு ஏதும் கண்ணுக்குள் போயிருந்தால் இப்போதே மட்டக்களப்புக்கு அனுப்ப வேண்டும். திங்கட்கிழமை வரை வைத்திருந்தால் கண் போய்விடும். சீழ் பிடித்தால் மற்றக் கண்ணுக்கும் ஆபத்து. யோசித்துச் சொல்லுங்கள்."

முனாப் போடியாரைப் பார்த்தான்.

"யானை வெடிதான் டொக்டர்" என்றார் போடியார். "நான் கண்ணால கண்டன். சொல்லு முனாப்."

"யானை வெடி" என்றான் முனாப்.

டொக்டர் நஜ்லாவின் பக்கம் திரும்பினார். "நீங்கள் மனைவியா? உங்களுக்கு ஏதும் தெரியுமா?"

பதில் நஜ்லாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

ஆனால் இப்போது வாயைத் திறந்தால் வார்த்தை வராது, ஓலம்தான் வரும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஓலமிடும் பொம்பிளையை மிஸ்ஸி வெளியே கூட்டிப்போவாள். போடியார் தலையை ஆட்டி, பாவம், பயந்திட்டா என்பார். முந்தானை முடிச்சைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு நின்றாள். கண்ணைத் தரையில் வைத்து, உதடு அசையாமல், அறுத்து அறுத்து ஓதினாள். ஒன்று. டொக்டர் காத்திருந்தார். மேலே காற்றாடி சுற்றியது. இரண்டு. போடியார் இருமினார். "அவக்கு என்ன தெரியும் டொக்டர், அவ வீட்டில தறியில இருந்தவ." முனாபின் ஒற்றைக் கண் அவள் முகத்திலேயே நின்றது. அவள் என்ன செய்கிறாள் என்று அவனுக்கு விளங்கிவிட்டது. நெஞ்சு ஏறி இறங்குவது நின்றுபோனதுபோலக் கிடந்தான். மூன்று.

முடிச்சை அவிழ்த்தாள். பொட்டலத்தைப் பிரித்து, பித்தளையைக் கட்டிலின் வெள்ளைத் துணியில் வைத்தாள்.

"இதுதான் வெடிச்ச, டொக்டர். துவக்குத் தோட்டா. மூணு தரம் ஊசி குத்தியிரிக்கி, பாருங்க. இதில ஒரு துண்டு காணல்ல. வயலெல்லாம் அரிச்சுத் தேடியாச்சு, இல்ல. இவருட கண்ணுக்குள்ள பாருங்க."

டொக்டர் குனிந்து, பஞ்சால் அதை எடுத்து, வெளிச்சத்துக்குத் திருப்பினார். பிறகு மிஸ்ஸியிடம், "படம் எடுக்க ஆளைக் கூப்பிடுங்கள். இப்போதே. அம்புலன்சுக்கும் சொல்லுங்கள்" என்றார். குரல் மாறியிருந்தது.

"மகள்," என்றார் போடியார், மெல்ல. "நீ என்ன செய்யிறாய் எண்டு உனக்கு விளங்குதா? உன்ட புருசனத்தான் கொண்டு போவாங்க."

"கொண்டு போகட்டும். ரெண்டு கண்ணோட போகட்டும்." அவள் குரல் உயரவில்லை. "லைசன் உங்கட பேருல. துவக்கு உங்கட. நெல்லோட காயப்போட்ட தோட்டா உங்கட. திறடா எண்டு கத்தினது உங்கட வாய். தோளில பிடிச்சது இந்தக் கை. பொலிசு வரட்டும். இன்னும் நாலு தோட்டா என்ட முற்றத்தில மணல் வாளிக்குள்ள கிடக்கு, வந்து எடுக்கச் சொல்லுங்க. அதையும் கோதாக்கித் தரணுமா உங்களுக்கு?"

பக்கத்துக் கட்டில் கிழவர் எழுந்து உட்கார்ந்தார். போடியார் தோடம்பழப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கு மாற்றினார்.

தள்ளுவண்டி வந்தது. முனாபைத் தூக்கி அதில் மாற்றினார்கள். வண்டி திரும்ப இடம் போதவில்லை. "கொஞ்சம் விலகுங்க" என்று தள்ளுகிறவன் சொன்னான். போடியார் சுவரோடு ஒட்டிக்கொண்டார். வண்டி அவரைக் கடக்கும்போது முனாப் இடக்கையால் கம்பியைப் பிடித்து நிறுத்தப் பார்த்தான்.

"போடியார்," என்றான். பதினேழு வருசத்தில் நஜ்லா கேட்டிராத குரல். "நான் ரெண்டாவதிலதான் நிண்டன். மூணாவது முடிய விடல்ல நீங்க."

நஜ்லா அவன் விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து நெஞ்சின் மேல் வைத்தாள்.

"கதைக்காம படுங்க" என்றாள். "மிச்சத்த நான் ஓதிட்டன்."